நம்பிக்கையும் வாக்குறுதியும்

நோயுற்றார்க்கு நம்பிக்கை அளித்தல் அறமென்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. பொய் கூறுதல் தீதென்பதும் அவ்வாறே ஒப்ப முடிந்தது. ஆயினும், இன்னும் கைகூடாத ஒரு மருந்தைக் குறித்து, அது கைகூடிவிட்டாற்போல நோயாளிக்குச் சொல்லலாமோ என்னும் வினா எழும்போது, இவ்விரண்டு அறங்களும் எதிரெதிரே நிற்கின்றன. அவ்வினாவை, உயிர்நூல் வல்லார் இக்காலத்திற் பெரிதும் ஆராயும் தசைக் குருத்துக்கலங்களின் வரலாற்றை வைத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம். பத்திரிகையிற் படித்த புதுமைகளை மாணாக்கர் கொண்டுவந்து ஆசிரியரை வினாவுதல் இயல்பாதலின், இவ்வாராய்ச்சி ஆசிரியர்க்கு வேண்டற்பாலதேயாம்.

தசை என்பது நீண்ட நார்களின் கூட்டம். முற்றிய நார் தானே பிரிந்து பெருகும் வன்மை உடையதன்று. அங்ஙனமாகவும், காயமுற்ற தசை மீள வளர்தலை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். இதன் காரணத்தை அறிதற்கு வழி திறந்தது 1961ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் அலெக்சாண்டர் மவுரோ என்னும் அறிஞர், நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலே, தவளையின் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் நோக்கியபோது, நாரின் மென்றோலுக்கும் அதனைப் போர்த்த உறைக்கும் நடுவே சிறு கலங்கள் ஒட்டிக் கிடத்தலைக் கண்டார். கோளைச் சார்ந்த உபகோள் போல நாரைச் சார்ந்திருத்தலின் அவற்றுக்கு உபகோட்கலங்கள் என்று பெயரிட்டார். தசை மீள வளர்தற்கு இவையே காரணமாகலாமென்று அவர் ஊகித்தது, பின்வந்தோர் செய்த சோதனைகளால் மெய்யென நிறுவப்பட்டது.

இக்கலங்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடப்பன. தசை காயமுறின் விழித்துப் பலவாகப் பிரிவன. அவற்றுட் பல ஒன்றோடொன்று கூடிப் புதிய நார்களாகவும், பழைய நாரோடு கூடி அதனைச் செப்பஞ் செய்வனவாகவும் ஆக, சில மீளவும் உறக்கத்துட் செல்லும். விளைந்த நெல் முழுவதையும் உண்ணாது விதைநெல் எடுத்துவைக்கும் உழவனது செயலை இஃது ஒக்கும். 2005ஆம் ஆண்டில் இலண்டன் ஆராய்ச்சியாளர், 7 உபகோட்கலங்களளவே கூடிய ஒற்றை நாரைச் சுண்டெலியின் தசையில் வைத்தபோது, 100க்கு மேற்பட்ட புதிய நார்கள் உண்டாகக் கண்டனர். இத்துணைச் சிறிதிலிருந்து இத்துணைப் பெரிது தோன்றுமாயின், நலிந்த தசைகளையெல்லாம் புதுக்கலாமன்றோ என்னும் ஆசை எழுதல் இயல்பே.

அவ்வாசைக்கு உரியார் யாவர்? துசேன் தசைநலிவு என்றொரு நோய் உண்டு. ஏறக்குறைய 5,000 ஆண்மகவுகளுள் ஒன்றை அது பற்றும். தசைநாரைக் கிழியாது காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடம்பில் உண்டாகாமையே அதன் காரணமென்பது 1987ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்நோயுற்ற பிள்ளை தவழ்ந்து, எழுந்து, நடந்து, பெற்றோர் மகிழ்ந்திருக்கும் பருவத்திலேயே படியேற மாட்டாது தளரும். பெரும்பாலும் பன்னிரண்டு வயதளவில் நடையிழக்கும். பின்னர் மூச்சும் இருதயமும் நலியும். இத்தகைய பிள்ளையின் தாய்க்கு, ‘மருந்து வந்துவிட்டது’ என்னும் ஒரு சொல் எத்துணைப் பெரிதென்று கூறவும் வேண்டுமோ!

1989ஆம் ஆண்டில், அந்நோய்க்கு நிகரான குறையுடைய சுண்டெலிகளின் தசையிற் குறையற்ற தசைக்கலங்களைச் செலுத்தியபோது, அப்புரதம் அங்கே தோன்றிற்று. உடனே மனிதரிடத்துஞ் சோதனைகள் தொடங்கின. அவற்றுள் ஒன்றன் முடிவு 1995இல் வெளிவந்தது. 12 சிறுவர்களுக்குத் திங்கள்தோறும் ஆறு முறை, ஒரு கையிற் கலங்களும் மற்றொரு கையில் வெறும் மருந்துநீரும் ஊசியாற் செலுத்தப்பட்டன. இரு கைகளின் வலிமையையும் அளந்து ஒப்பிட்டபோது, குறிக்கத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. செலுத்திய கலங்களுட் பெரும்பாலன விரைவில் இறந்தன. எஞ்சியனவும் ஊசி பட்ட இடத்தைவிட்டு அதிகந் தூரஞ் செல்லவில்லை. பிறரது கலமாதலின் உடம்பு அவற்றைப் பகையென விலக்கவும் முற்பட்டது. இவையெல்லாம் இவ்வகைச் சோதனைகளினால் அறியப்பட்டன.

ஈண்டு ஒருவர் தடைநிகழ்த்துவார்: ‘நம்பிக்கையன்றோ நோயாளியை வாழ்விப்பது? அது குன்றின் ஆராய்ச்சிக்குப் பொருள் கொடுப்பாரும், சோதனைக்கு உடன்படுவாரும் இலராவர். ஆகலின், சிறிது மிகைப்படக் கூறினும் குற்றமென்னை?’ எனின், கூறுதும். நம்பிக்கை வேறு, வாக்குறுதி வேறு. நம்பிக்கை என்பது முடிவு அறியப்படாதவிடத்து மனம் தளராது நிற்றல். வாக்குறுதி என்பது தன் கையகத்துள்ள ஒன்றைத் தருவேனென்றல். கையில் இல்லாததைத் தருவேனென்பவன் நம்பிக்கையை வளர்ப்பவனல்லன். பிறனது நம்பிக்கையைத் தன் முதலாக வைத்து வாணிகஞ் செய்பவனேயாவன். மேலும், ‘இது சோதனை, பயன்படினும் படும், படாதொழியினும் ஒழியும்’ என்பதை அறிந்து உடன்படுவோன், பின்வரும் நோயாளர்க்குத் தானஞ் செய்கின்றான். ‘இது மருந்து’ என்று கேட்டு உடன்படுவோனோ ஏமாற்றப்படுகின்றான். ஊசி ஒன்றேயாயினும் செயல் இரண்டாம்.

அதுவன்றியும், தோல்வியை மறையாது கூறினமையால் அறிவு வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை. செலுத்திய கலங்கள் ஏன் பயன்படவில்லை என்னும் வினாவைத் தொடர்ந்து சென்றோர், 2010ஆம் ஆண்டிலே ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் ஓர் உண்மை கண்டனர். ஆய்வுகூடத்து வன்மையான பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கப்பட்ட தசைக் குருத்துக்கலங்கள் தம் குருத்துத் தன்மையை விரைவில் இழந்தன. தசையின் மென்மையை ஒத்த களியின்மேல் வளர்க்கப்பட்டவை அதனைக் காத்துக்கொண்டன. முன்னைச் சோதனைகள் வெற்றியென்று முழக்கப்பட்டிருப்பின், இவ்வினா எழுந்திருக்குமோ?

வாக்குறுதி வாணிகமாதலுக்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. மூப்பிலே தசை மெலிதல் எல்லார்க்கும் பொது. 2005ஆம் ஆண்டில், அதே ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில், ஓர் இளஞ்சுண்டெலியையும் ஒரு முதுசுண்டெலியையும் குருதியோட்டம் ஒன்றாகும்படி இணைத்தபோது, முதுசுண்டெலியின் உபகோட்கலங்கள் மீளவும் ஊக்கங்கொண்டு காயத்தை ஆற்றின. இஃது உயர்ந்த ஆராய்ச்சி. ஆயின், பிற்காலத்தில் இளைஞரது குருதிநீரை விலைக்கு வாங்கி முதியவர்க்கு ஏற்றும் தொழில் அமெரிக்காவில் தோன்றிற்று. அதனாற் பயனுண்டென நிறுவப்படவில்லை என்றும், தீங்கு நேர இடமுண்டென்றும் அந்நாட்டு உணவு மருந்துப் பரிபாலன சபை 2019ஆம் ஆண்டில் எச்சரித்தது. சுண்டெலியினிடத்துக் கண்ட மெய், மனிதர்க்கென்று விற்கப்பட்டவிடத்துப் பொய்யாயிற்று. சொற்கள் பெரிதும் மாறவில்லை; சொல்லப்பட்ட இடமே மாறிற்று.

அங்ஙனமாயின், உண்மை மாத்திரங் கூறி நோயாளியைக் கைவிடுதலோ அறம்? அன்று. துசேன் நோயுற்றோர் முற்காலத்திற் பெரும்பாலும் இருபது வயதளவில் இறந்தனர். இக்காலத்திலோ, நல்ல பராமரிப்புப் பெற்றவருட் பலர் முப்பது வயதளவும் அதற்கு மேலும் வாழ்கின்றனர். இவ்வாயுளை நீட்டித்தது குருத்துக்கலமன்று. மூச்சுக்கு உதவும் கருவியும், இருதயத்தைக் காக்கும் மருந்தும், தசையின் தளர்ச்சியைத் தாமதிக்கும் ஸ்டீரோயிட் மருந்தும், முதுகு கோணாது காக்கும் சிகிச்சையும், இரவும் பகலும் அருகிருந்தோரது உழைப்புமே அதனைச் செய்தன. இவை பத்திரிகையின் முதற்பக்கத்தில் இடம்பெறுவன அல்ல. ஆயினும், வருமென்று சொல்லப்பட்ட பெரிய மருந்து வாராத ஆண்டுகளிலெல்லாம் அப்பிள்ளைகளைத் தாங்கினவை இவையே. பொய்யான வாக்குறுதியின் பெருங்கேடு யாதெனின், கையிலுள்ள இச்சிறிய நன்மைகளைக் கைவிட்டுத் தொலைவிலுள்ள ஊசியைத் தேடி, வீட்டையும் நகையையும் விற்று ஓடும்படி பெற்றோரைச் செய்தலேயாம்.

மருத்துவத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, துணைநிற்போன் என்னும் நான்கினையும் உறுப்பாகத் திருவள்ளுவர் வகுத்தார். இக்காலத்தில் ஐந்தாவதொன்றையுஞ் சேர்த்தெண்ணல் வேண்டும். அஃது, செய்தி சொல்வோன். வைத்தியனைக் காணுமுன்னரே நோயாளி அவனைச் சந்திக்கின்றான். ஆசிரியரும் இவ்வைந்தாமவருள் ஒருவரென்பதை மறத்தலாகாது. கிராமத்திலே, கற்றவரென்று கருதிச் செய்தியின் மெய்ம்மையை வினாவ வருவார், அவரிடத்தன்றோ வருவர்?

ஆதலின், ‘புதிய மருந்து’ என்னுஞ் செய்தியை மாணாக்கன் கொணரும்போது, ஆசிரியர் அவனைக் கொண்டே சில வினாக்களுக்கு விடை தேடுவிப்பாராக. இது கண்ணாடித் தட்டிலே காணப்பட்டதா, விலங்கினிடத்தா, மனிதரிடத்தா? எத்தனை பேரிடத்து? மருந்து பெறாதாரோடு ஒப்பிடப்பட்டதா? சொல்பவர் ஆராய்ந்தவரா, விற்பவரா? இவ்வினாக்கள் ஆசையை அவிப்பன அல்ல. ஆசை செல்லத்தக்க வழியைக் காட்டுவன. மாணாக்கரது வீட்டிலே நோயுற்றார் உளராயின், அவ்வினாக்களை ஆசிரியர் இன்னும் மென்மையாக, தனியிடத்தே, அவரோடு அமர்ந்து எழுப்புவாராக.

தசைக் குருத்துக்கல ஆராய்ச்சி இன்னும் முடிந்திலது. ஒருநாள் அது அப்பிள்ளைகளை எழுந்து நடக்கச் செய்யுமாயின், அதனினும் மகிழத்தக்கது வேறில்லை. அந்நாள் வருமென நம்புதற்கு யாவர்க்கும் உரிமையுண்டு. வந்துவிட்டதென்று கூறுதற்கு, அது வருமுன் எவர்க்கும் உரிமையில்லை.