விவேகத்தின் மூன்றாம் படி

பங்குத்தந்தையின் அறைக்கதவைத் தட்டுகிறவர்கள் ஆழ்ந்த இறையியல் ஐயங்களோடு வருவது அரிது. கடன், மாமியார் மருமகள் மனத்தாங்கல், பாகம் பிரியாத வீடு, குடியை விடாத கணவன், சொல் கேளாத மகன்: இவையே அவர்கள் சுமந்து வருபவை. "செபம் பண்ணுங்க சாமி" என்று கேட்கிறார்கள், நாமும் செபிக்கிறோம். அதில் பிழையில்லை. ஆயினும், செய்ய வேண்டிய செயலிலிருந்து தப்பிக்க நாம் செபத்தையே ஒரு மறைவிடமாக்கிக் கொள்கிறோமோ என்னும் கேள்வி என்னை நெடுநாள் உறுத்தி வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. சிறு கடை வைத்திருந்த ஒருவர், குடும்பக் கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று வந்தார். கருத்தை ஏட்டில் குறித்துக்கொண்டு அனுப்பி வைத்தேன். சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். மீண்டும் அதையே செய்தேன். மூன்றாம் முறை அவர் முகத்தைக் கண்டபோதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "எவ்வளவு கடன்?"

50,000 ரூபாய், ஐந்து வட்டிக்கு வாங்கியது. மாதம் 2,500 ரூபாய் வட்டிக்கே போயிற்று. இரண்டு ஆண்டுகளில் 60,000 ரூபாய் கட்டியிருந்தார்; முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. வங்கியில் நகையை ஈடுவைத்தால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குள் முடியும் என்பதைத் தாளில் எழுதிக் கணக்கிட்டோம். அதே 2,500 ரூபாயை மாதந்தோறும் வங்கிக்குக் கட்டியிருந்தால், அதே இரண்டு ஆண்டுகளுக்குள் கடனும் தீர்ந்து நகையும் வீடு திரும்பியிருக்கும்! "வீட்டில் சங்கிலி இருக்கிறதல்லவா?" என்றேன். அவர் தலை குனிந்தார். "அது எனக்குத் தெரியாதா சாமி? கடன் வாங்கினதே அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாய் வரல."

அன்பர்களே, அவரிடம் அறிவு குறைவுபடவில்லை. வழி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பின் குறைவுபட்டது எது?

குருமடத்தில் படித்த ஒரு பாடம் அன்று எனக்குப் புதிதாய் விளங்கிற்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், தலையான புண்ணியங்களுள் ஒன்றாகிய விவேகத்திற்கு மூன்று செயல்கள் உண்டு என்கிறார். ஆராய்தல் முதலாவது, தீர்மானித்தல் இரண்டாவது, தீர்மானித்ததைச் செய்யுமாறு தனக்குத்தானே கட்டளையிடுதல் மூன்றாவது. இம்மூன்றில் முதன்மையானது மூன்றாவதே என்பது அவர் முடிவு. கைத்தொழிலுக்கும் விவேகத்திற்கும் உள்ள வேற்றுமையையும் அவர் சுட்டுகிறார். தச்சன் ஒருவன் வேண்டுமென்றே கோணலாய் இழைத்தால், அவனுக்குத் தொழில் தெரியாது என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் நல்லது இன்னதென்று அறிந்தும் செய்யாதவன், அறியாமல் தவறியவனைவிட விவேகத்தில் தாழ்ந்தவன். வள்ளுவரும் 'தெரிந்து செயல்வகை'க்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், 'வினைத்திட்ப'த்திற்குத் தனி அதிகாரம் வகுத்தது எண்ணத்தக்கது.

இம்மூன்று படிகளையும் நம் வீட்டுச் சிக்கல்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதற்படியில் சிக்கலுக்கு அளவு வேண்டும். மனத்துக்குள் இருக்கும் கடன் இரவில் மலையாய் வளரும். தாளில் எழுதிய கடன் ஒரு தொகையாய் அடங்கும். 'வீட்டில் நிம்மதியில்லை' என்பது புலம்பல். 'ஞாயிறு தோறும் இந்தச் செலவைப் பற்றிச் சண்டை வருகிறது' என்பது ஆராயத்தக்க செய்தி. பிறர் அறிவுரையைக் கேட்பதும் இப்படியைச் சேர்ந்ததே. விவேகத்தில் தன்னிறைவு பெற்றவர் எவருமில்லை என்பது அக்குவினாஸின் கருத்து.

இரண்டாம் படியில் நம் அச்சமும் ஆசையும் தராசைச் சாய்த்துவிடும். இதற்குப் புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் எளிய வழியொன்று காட்டுகிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு என்னிடம் வந்தால், அவருடைய நன்மையை மட்டும் கருதி நான் என்ன சொல்வேன்? அதையே எனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். உள்ளம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றலாகாது என்பதும் அவர் தரும் விதி.

மூன்றாம் படியில்தான் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அங்கே வழிமறிப்பது பெரும்பாலும் வெட்கம். ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஒருவர் முன் தலைகுனிய வேண்டும். அந்த ஒரு நாழிகை வேதனைக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுகிறோம். பணத்தால் மட்டுமன்று, உறக்கத்தாலும் உறவாலும்.

இப்படித் திட்டமிடுவது இறைப்பற்றுக் குறைவாகாதா என்று சிலர் கேட்கலாம். விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை தனியொருவராய் மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்திருந்தார் மோசே. கடவுளோடு உரையாடிய அவருக்கு இதற்கான வழியைச் சொன்னவர் அவருடைய மாமனார் இத்திரோ. ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர்க்குத் தலைவர்களை அமர்த்திச் சுமையைப் பகிர்ந்துகொள் என்றார். மோசே வானத்திலிருந்து குரல் வரட்டும் என்று காத்திராமல், மாமனார் சொற்படியே செய்தார்.

எல்லாச் சிக்கல்களும் தீர்வன அல்ல என்பதும் உண்மையே. தீராப் பிணியையும் இறந்த பிள்ளையையும் கணக்குப் போட்டுத் தீர்க்க இயலாது. அவை தாங்கப்பட வேண்டியவை. அங்கே தாங்குதலே செயல். ஆனால் தீர்க்கக்கூடிய ஒன்றைச் 'சிலுவை' என்று பெயரிட்டுச் சுமப்பது சிலுவைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்தக் கடைக்காரர் அன்றிரவே மனைவியிடம் சொன்னார். மறுவாரம் இருவருமாக வந்தார்கள். சங்கிலியை அந்த அம்மா தாமே கழற்றிக் கொடுத்திருந்தார். "நகை போனது பெரிதில்லை சாமி. ரெண்டு வருசம் என்னை வேத்து ஆளா வச்சிட்டாரே" என்று அழுதார். கடன் தீர ஒரு காலக்கெடு இருந்தது. அந்தக் காயம் ஆற அதைவிட நாளாயிற்று.

இன்றும் திருப்பலிக் கருத்துகளைக் குறிக்கிறேன். ஆனால் ஏட்டை மூடும்முன் ஒன்று கேட்கிறேன்: "இதில் நீங்கள் செய்ய வேண்டியதென்று உங்களுக்கே தெரிந்தது எது? அதை என்றைக்குச் செய்யப் போகிறீர்கள்?" பலர் உடனே விடை சொல்லிவிடுகிறார்கள். வாசகரே, உங்கள் விடையும் உங்களுக்குத் தெரிந்தே இருக்கக்கூடும். அதற்கு இன்றே ஒரு நாளைக் குறியுங்கள்.