குண்டையூர் நெல்லும் நம்மூர்ப் பசியும்

சைவ உபாத்தியாயர்களே,

பசி விளைவின்மையால் மாத்திரம் வருவதன்று. விளைந்த பொருள் உண்பாரிடஞ் சென்று சேராமையாலும் வரும். இதனைச் சுந்தரமூர்த்தி நாயனார் சரித்திரத்திலுள்ள குண்டையூர் நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது.

குண்டையூர்க் கிழார் என்னும் வேளாளர், திருவாரூரிலே பரவையார் திருமாளிகைக்கு நெல்லும் பருப்பும் பிறவும் அனுப்பி வந்தார். மழை பொய்த்தது; விளைவு சுருங்கிற்று; அனுப்பும் வகையறியாது அவர் கவன்றார். இறைவன் திருவருளினாலே அவ்வூரில் நெல் மலைபோற் குவிந்தது. அவ்வளவில் குறை தீர்ந்ததோ? தீர்ந்திலது. அக்குவியலை எடுத்துச் செல்லுதல் மனிதரால் இயலாதென்று கிழார் நாயனாருக்கு விண்ணப்பஞ் செய்தார். நாயனார் திருக்கோளிலியிலே இறைவனிடம் வேண்டியது நெல்லன்று; நெல்லைச் சுமக்கும் ஆட்களையே. அன்றிரவு பூதகணங்கள் அந்நெல்லைக் கொண்டுவந்து பரவையார் மாளிகையையும் ஆரூர் வீதிகளையும் நிறைத்தன. காலையிலே பரவையார், அவரவர் மனையெல்லையுட் கிடப்பதை அவரவரே எடுத்துக்கொள்க எனப் பறையறைவித்தார்.

இங்கே விளைவு, சுமத்தல், பகிர்தல் என மூன்று உளவாதலை நோக்குக. மூன்றனுள் ஒன்று தவறினும் அடுப்பு எரியாது.

இஃது அக்காலத்துக்கு மாத்திரம் உரிய செய்தியோ? அன்று. 2021 ஆம் ஆண்டிலே இலங்கை அரசு செயற்கை உரங்களின் இறக்குமதியைச் சடுதியாகத் தடுத்தது. அவ்வாண்டிறுதிக்கு முன்னரே தடை நீங்கியும், அப்போகத்து நெல்விளைவு பெரிதுங் குன்றிற்று. 2022 ஏப்பிரிலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே, கொழும்பு விலைச்சுட்டியின்படி, உணவுவிலை முந்திய ஆண்டினும் 90 வீதத்துக்கு மேல் ஏறிநின்றது. மண்ணெண்ணெய் கிடையாமையால் வடபகுதித் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தன. எரிபொருளின்மையால் மரக்கறி ஏற்றும் லொறிகளும் நின்றன, பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. தோட்டத்திலே காய் முற்றிக் கிடக்க, பட்டணத்திலே சட்டி வெறுமையாய் இருந்தது. அஃதாவது, குண்டையூரில் நெல் இருந்தது, சுமப்பார் இலர்.

அற்றேல், ஒவ்வோர் ஊருந் தனக்கு வேண்டியன யாவற்றையுந் தானே விளைத்துக் கதவடைத்து இருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. யாழ்ப்பாணக் குடாநாடு வற்றாத ஆறில்லாத நிலம். சுண்ணக்கற்பாறையிடையே தங்கிய மழைநீரைக் கிணற்றால் இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைக்கும் நிலமேயன்றித் தன் சோறு முழுவதையும் விளைக்கும் நிலமன்று. இரணைமடுக்குளத்து நீர் பாயுங் கிளிநொச்சி வயலின் நெல் இங்கே வருதலும், இங்குள்ள தோட்டப்பயிர் அங்கே செல்லுதலும் முறையே. ஆரூருங் குண்டையூரை நோக்கியே இருந்தது. வேண்டுவது தனிமையன்று, அண்மையும் அறிமுகமும் நம்பிக்கையுமாம்.

அந்நம்பிக்கை கெடுமாறும் ஒன்றுண்டு. சந்தையிலே கமக்காரன் கொண்டுவந்த பொருளின் நிறையிற் 10 வீதங் கழிவு எனக் குறைத்துக் கொள்ளும் வழக்கத்தைப்பற்றி அவர்கள் பலகால் முறையிட்டுள்ளார்கள். பத்து மூடையில் ஒன்றைக் கூலியின்றி இழப்பவன் அடுத்த போகத்தில் எதனைக்கொண்டு விதைப்பான்? தராசு கோணின் தருமமுங் கோணும்.

உபாத்தியாயர்களே, இவ்விடத்திலே உங்கள் கடமை யாது? பிள்ளைகளின் வரவை இடாப்பிற் குறிக்கும் நீங்களே, தோட்டக்காரன் வீட்டையும் அறிவீர்கள். காலையிற் கஞ்சியுமின்றி வந்து வாங்கிலே தலைசாய்க்கும் பிள்ளையின் வீட்டையும் அறிவீர்கள். இவ்விரு வீட்டையும் ஒருங்கே அறிந்தார் ஊரிலே வேறு பலர் இலர்.

ஆதலின், முதலாவது, எந்தக் குறிச்சியில் எம்மாதம் எப்பயிர் விளைகின்றதென்று மேல்வகுப்பு மாணாக்கரைக் கொண்டு எழுதுவியுங்கள். கணக்கும் பூமிசாத்திரமும் அதனுள்ளே அமையும். இரண்டாவது, பள்ளிப் போசனத்துக்கு வேண்டிய கீரையும் மரவள்ளியும் பயற்றங்காயும் அயற்றோட்டத்திலிருந்தே வருமாறு பெற்றாரோடும் சங்கக்கடையோடும் பேசுங்கள். விலையை நடுகைக்கு முன்னரே பொருந்தி, கழிவின்றி நிறுத்து, அன்றைக்கே பணங் கொடுப்பிக்க முயலுங்கள். மூன்றாவது, லொறி வாராத நாளுக்கும் உதவுவன ஊரிலே இருத்தல் வேண்டும். ஒடியலும் குரக்கனும் நெடுநாள் இருப்பன. முருங்கை வேலியிலேயே நிற்பது. விதையை வீட்டிலே பேணும் வழக்கத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

இஃது அரசினர் செய்தற்குரியதன்றோ என்பர் சிலர். அரசினர் செய்க, அது தக்கதே. ஆயினும், நண்பகல் மணி அடிக்கும்போது பிள்ளையின் முன்னே நிற்பவர் அரசினரல்லர், நீங்களே.

பூதகணங்கள் இன்றும் வருமென்று வாயிலை நோக்கியிருத்தல் பத்தியன்று. அன்று சுமப்பாரை ஏவிய பெருமான் இன்று நமக்குத் தோளும் எழுத்தறிவுந் தந்திருக்கின்றான். இடையிலே நின்று சுமத்தலே நமக்கு இட்ட ஏவல். அதனைச் செய்வோமாக.

சிவம்.