எழுத்து என்பது யாது?

அலுவலகக் கோப்பில் குறிப்புப் பக்கங்களுக்கு ஓர் எண்வரிசை; கடிதப் பக்கங்களுக்கு வேறோர் எண்வரிசை. ஒருமுறை நாம் 'பன்னிரண்டாம் பக்கம் காண்க' என்று மட்டும் எழுதிவிட்டோம். அடுத்த மேசையிலிருந்தவர் மற்றைப் பன்னிரண்டைப் படித்தார்; ஒருவருடைய ஓய்வூதியம் மூன்று வாரம் தாமதமாயிற்று. எழுதிய நமக்கு ஐயமில்லை, துன்பமோ காத்திருந்தவர்க்கு.

நூற்பகுதியை எண்ணால் சுட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறள் 1330 குறட்பாக்களை உடையது. ஆயினும் அதிகாரத்துள் அவை நிற்கும் வரிசை மணக்குடவர் உரையிலும் பரிமேலழகர் உரையிலும் வேறுபடுகின்றது. எவர் வரிசை என்று கூறாத எண், வழி காட்டாது; வழி மாற்றும்.

இன்று கணினியிலுள்ள உரைப்பகுதியைச் சுட்டவும் விதிகள் உள. 2008-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5147 என்னும் இணைய விதிநூல், வரிகளையோ 'கேரக்டர்'களையோ எண்ணிப் பகுதியைச் சுட்டும் முறையை வகுத்தது. கேரக்டர் என்பதை 'எழுத்து' என்று பெயர்த்து நாம் அமைதியடையலாமா? 'கொல்லாதே' நமக்கு நான்கெழுத்து. யூனிகோடு முறையில் ககரமும் ஒகரக் குறியும் தனித்தனி. லகரமும் புள்ளியும் தனித்தனி. இவ்வாறு மொத்தம் எட்டு. முதல் நான்கை எடுத்துக் காட்டுக என்றால், தமிழ் கற்ற சிறுவன் 'கொல்லாதே' என்பான். பொறியோ 'கொல்' என்று நிறுத்தும். சொல் ஒன்றை வரையறுக்காமையால் அருளுரை கொலைக்கட்டளையாயிற்று!

'இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாமே. இத்துணை நுணுக்கம் எதற்கு?' என்பர் சிலர். மட்டாஞ்சேரிக் கடையில் 'வெள்ளம்' என்றால் குடிநீர் என்பதை நம் குழந்தைகள் அறிவர். ஊரிலிருந்து வரும் பாட்டி முதலில் திகைப்பாள். பிறகு முகம் பார்த்துக் கேட்டுத் தெளிவாள். பொறிக்கு முகமில்லை. நாளை அவ்விதியைப் படிக்கப்போகும் அயலாருக்கு நம்மைக் கேட்க வழியில்லை.

ஆதலின் வரைவு நம் கைக்கு வரும்போதே, 'இச்சொல்லால் நீவிர் கருதுவது யாது?' என வினவுதல் குற்றம் காணும் குணமன்று. அங்கே இல்லாதவர்க்காகப் பேசும் கடமையாகும். விதி நிலைத்தபின் எழுப்பும் குரல் முறையீடு. வரைவின்போது எழுப்பும் குரலே உதவி. தமிழ் எழுத்தின் இயல்பைத் தமிழறிந்தார் எடுத்துரையாவிடில், வேறு யார் உரைப்பார்? பிறமொழிகளிடையே வாழும் நாம், ஒரு சொல் இருவர் செவியில் இருபொருள்படுவதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வறிவே நாம் உலகுக்கு அளிக்கத்தக்க பணி என்க.