நெருக்கடி எவருக்கு?

கண்டியில் சனநெருக்கம் மிகுந்துவிட்டது என்னும் முறைப்பாட்டை நாம் மறுக்கவில்லை. குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. வாகனப் புகை எளிதில் வெளியேறாது. 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட நகரின் அழகைக் காக்கவேண்டும் என்கிறார்கள். நல்லதே. ஆயினும், அதன் தெருக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிவரும் தமிழ்த் தொழிலாளரின் மஹியாவைக்கு அந்த அக்கறை எட்டாததேன்? வெள்ளையராட்சியில் நகரசுத்திக்கென இந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். லயன் அறைகளில் பிள்ளைகள் பெருகினர், அறைகள் பெருகவில்லை. இவர்கள் கூட்டிய குப்பையோ பல்லாண்டுகளாகக் கொஹாகொடையில் மலையாய்க் குவிந்தது. அதன் கழிவுநீர் மகாவலியில் கலந்தது. ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்வோரை அப்போது எவர் எண்ணினார்? மலைச்சரிவுகளில் எழும் உல்லாச விடுதிகளுக்கு அபிவிருத்தி என்று பெயர். லயனில் பிறக்கும் குழந்தையை மட்டும் சனப்பெருக்கம் என்கிறோம்; நாமும் அப்படிச் சொல்லியிருக்கிறோம்.