ஓய்ந்த பழுதும் ஒழிந்த பழுதும்

ஒரு துன்பம் நின்றுவிட்டது என்பதனாலேயே அது தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா என்னும் கேள்வி, நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களில் மிகப் பழைமையானது. மடாலயங்களிலும் ஏட்டுச் சுவடிகளிலும் வளர்ந்த அந்தக் கேள்வியின் எதிரில்தான், மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்தும் இக்காலத்து மனிதரும், அதிலுள்ள புளூடூத் செயலற்றுப் போவதும் மீளுவதும் மறுபடி செயலற்றுப் போவதுமாக இருக்கும்போது, தம்மை அறியாமலே போய் நிற்கிறார். இத்தனை சிறிய உபத்திரவத்தைக் கொண்டு அத்தனை பெரிய விஷயத்தை விசாரிப்பது தகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். தகும் என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன். காரணத்தைத் தேடும் பழக்கம் சிறு காரியங்களில் படியாதவனுக்கு, பெரிய காரியம் வந்து எதிர்நிற்கும் நாளில் அது புதிதாக வந்து கைகொடுப்பதில்லை.

பழுதின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் மவுஸ் அசைவதில்லை. ஹெட்செட்டில் ஓசை வருவதில்லை. செட்டிங்ஸுக்குள் சென்று பார்த்தால், புளூடூத்தை இயக்கவும் நிறுத்தவும் உள்ள பொத்தானே மறைந்துபோயிருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், அந்தச் சாதனத்தின் பெயர்மீது மஞ்சள் முக்கோணமும், உள்ளே 'கோட் 10' அல்லது 'கோட் 43' என்ற குறிப்பும் காணப்படுகின்றன. சில வேளைகளில் அப்படி ஒரு சாதனம் கணினியில் இருந்ததற்கான அடையாளமே இருப்பதில்லை. உடையவர் ரீஸ்டார்ட் செய்கிறார்; டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றுகிறார்; யாரோ சொன்னார்கள் என்று இன்னும் இரண்டு மூன்று மாற்றங்களையும் அதே மூச்சில் செய்து முடிக்கிறார். மவுஸ் அசைகிறது. 'சரியாகிவிட்டது' என்ற நிம்மதியோடு அவர் வேலையைத் தொடர்கிறார். சில நாட்கள் கழித்து, முக்கியமான ஒரு கூட்டத்திற்கு முன்னால், அதே பழுது அதே உருவில் வந்து நிற்கிறது.

இந்த நிலையை நம் பெரியோர் மனத்தைப் பற்றிய விசாரணையில் நன்கு கண்டிருக்கிறார்கள். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி, தம் அன்பர் முருகனாரின் வேண்டுகோளுக்கு இணங்கி 1927-ஆம் ஆண்டில் அருளிய 'உபதேச உந்தியார்' என்னும் முப்பது பாடல் கொண்ட நூலில், ஒடுக்கம் என்பது லயம் என்றும் நாசம் என்றும் இருவகைப்படும் என்று பகுத்து, லயத்தில் ஒடுங்கியது மறுபடி எழும், நாசமடைந்தது எழாது என்று தெளிவுபடுத்துகிறார். இதை விளக்க அவர் அன்பர்களுக்கு ஒரு கதையும் சொல்வதுண்டு. கங்கைக் கரையில் தவமிருந்த யோகி ஒருவர், சமாதியிலிருந்து விழித்தவுடன் தாகம் மேலிட்டுச் சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் கொண்டுவருவதற்குள் மீண்டும் சமாதியில் ஆழ்ந்து, நெடுங்காலம் கழித்து, சீடனும் மறைந்து நாட்டில் அரசுகளும் மாறிப்போன பின்பு கண் விழித்தபோது, அவர் வாயிலிருந்து முதலில் வந்த சொல் 'தண்ணீர்' என்பதே. அத்தனை காலத்து அமைதியும் அந்த ஒரு சிறிய தாகத்தைக்கூடக் கரைக்கவில்லை. அமைதியின் நீளம் அதன் தரத்துக்குச் சான்றாகாது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் கதையை நான் அறியேன்.

கணினிக்கும் ஒடுக்கங்கள் பல உண்டு. அவற்றின் தாரதம்மியத்தை அறியாதவர் இந்தப் பழுதின் அருகில்கூடச் செல்ல முடியாது. மூடியைச் சாத்தினால் வருவது வெறும் உறக்கம். அடுத்ததாகிய ஷட் டவுனைப் பலரும் முழு ஓய்வென்று நம்புகிறார்கள். ஆனால் 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் ஏற்பாடு வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அது அமலில் உள்ள கணினியை ஷட் டவுன் செய்யும்போது, நாம் திறந்து வைத்திருந்தவை மூடப்படுகின்றனவே ஒழிய, விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுபடி திறக்கும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ரீஸ்டார்ட் செய்தாலோ உட்கரு புதிதாக ஏற்றப்படுகிறது. இரவு முழுவதும் அணைத்து வைத்து விடியற்காலையில் திறந்த கணினியில் முதல்நாள் குழப்பம் அப்படியே இருப்பதற்கும், இரண்டு நிமிஷத்து ரீஸ்டார்ட்டில் அது தெளிவதற்கும் இதுவே காரணம்.

ரீஸ்டார்ட்டும் எட்டாத இடம் ஒன்று உண்டு. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபையும் புளூடூத்தும், 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரே கார்டில் அமைந்திருக்கின்றன. ஆயினும் வைஃபை பிசிஐஇ வழியாகவும், புளூடூத் உள்ளே ஓடும் யுஎஸ்பி இணைப்பின் வழியாகவும் கணினியோடு பேசுவதால், ஒன்று நன்றாக நடக்கும்போதே மற்றொன்று மாயமாகிவிடுவது சாத்தியமாகிறது. அந்தக் கார்டுக்குள் ஃபர்ம்வேர் என்னும் அதன் சொந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது திகைத்து நின்றுவிட்டால், ரீஸ்டார்ட்டின்போதும் கார்டுக்குச் செல்லும் மின்சாரம் பெரும்பாலும் அறுபடுவதில்லையாதலால், திகைப்பும் நீங்குவதில்லை. கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரத்தையும் வடியவிட்ட பிறகே, மறைந்துபோன பொத்தான் பல கணினிகளில் திரும்பி வருகிறது. ஆனால் இந்த ஆழ்ந்த ஒடுக்கமும் லயத்தின் எல்லையைத் தாண்டவில்லை. ஃபர்ம்வேரைத் திகைக்கச் செய்தது எதுவோ அது இன்னும் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு நியாய சாஸ்திரத்தார் வகுத்த வழியைவிட நேரானதொரு வழி இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய 'தர்க்க சங்கிரகம்' என்னும் சிறு நூலைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அடுத்த நூற்றாண்டில் தமிழாக்கினார். நம்மவர் காரண காரிய விசாரத்தைத் தமிழிலேயே பயில அது வழிசெய்தது. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருப்பதை அன்வயம் என்றும், இல்லாதபோது இல்லாமலிருப்பதை வியதிரேகம் என்றும் தார்க்கிகர் சொல்வர். மேலும், இவ்விரண்டும் பொருந்தியதுபோல் தோன்றும்போதே நம்மை ஏமாற்றும் உபாதி என்னும் மறைந்த நிபந்தனையையும் அவர்கள் எச்சரிக்கையாகக் காட்டினர். தீ உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று ஒருவன் அனுமானித்தால், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் தீ இருந்தும் புகை இல்லாததைக் காட்டி, புகைக்குக் காரணம் தீயோடு சேர்ந்த ஈர விறகு என்று அவர்கள் தெளிவித்தார்கள்.

இந்த ஈர விறகை மடிக்கணினியில் காணலாம். சார்ஜர் மாட்டியிருக்கையில் புளூடூத் ஒழுங்காக நடப்பதையும், பேட்டரியில் ஓடுகையில் அறுந்து போவதையும் ஒருவர் திரும்பத் திரும்பக் கண்டு, பேட்டரி கெட்டுவிட்டது என்று தீர்மானித்துப் புதிய பேட்டரிக்குப் பணம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் ஓடும் கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்த விரைவில் உறங்கிவிடுகிறது. உறக்கத்தின்போது புளூடூத்துக்குரிய மின்சாரமும் குறைக்கப்படுகிறது. விழிக்கும்போது அந்தச் சாதனம் சரியாக விழிப்பதில்லை. இதுவே உண்மையானால், உறக்கம்தான் இங்கே ஈர விறகு. சோதிப்பது எளிது. சார்ஜரை மாட்டியபடியே கணினியை உறங்கச் செய்து எழுப்பிப் பார்க்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, உறங்காமல் தடுத்தும் பார்க்க வேண்டும். முன்னதில் பழுது வந்து பின்னதில் வராமற் போனால், பேட்டரி நிரபராதி. அதன்பின், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, மறுபடி உறங்கச் செய்து பார்த்தால், விசாரணை இன்னும் ஒரு படி உள்ளே செல்லும்.

உபாதி கணினிக்கு வெளியிலும் இருக்கலாம். புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலைவரிசைகளில் இயங்குவது. அதன் மூல வடிவில் அந்த வெளியை 79 தடங்களாகப் பிரித்து, வினாடிக்கு 1600 முறை தடம்விட்டுத் தடம் தாவுகிறது. 2003-இல் வந்த 1.2 பதிப்பு முதல், நெரிசலான தடங்களை விலக்கித் தாவவும் கற்றுக்கொண்டது. அதே வெளியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கின்றன. வெளி டிஸ்கிலிருந்து பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போதெல்லாம் மவுஸ் தடுமாறுவதைக் காண்பவர், வேலைப் பளுவால் கணினி திணறுகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் யுஎஸ்பி 3.0 இணைப்பில் ஓடும் தரவு இந்த அலைவரிசையின்மேல் பரவும் இரைச்சலை எழுப்புகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. அதே டிஸ்கை, அதே பளுவோடு, கணினியின் மறுபக்கத்துத் துளையில் மாட்டியவுடன் மவுஸ் ஒழுங்காக நகருமானால், குற்றவாளி பளு அன்று, அண்மை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் கண்டவன் காக்கையைக் காரணமாகக் கொள்வதுபோல, கடைசியாகச் செய்த மாற்றத்தையே காரணமாகக் கொள்வது நம் அனைவருக்கும் உள்ள சுபாவம். இதனின்றும் காப்பது ஒரே ஒரு விரதம்: ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், அதன் பலனைக் காணுமட்டும் மறு மாற்றம் கூடாது. இதைவிடக் கடினமான மற்றொரு விரதமும் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். பழுது நீங்கியபின், நீக்கியதாக நாம் நம்பும் அந்த ஒன்றை நம் கையாலேயே பழைய நிலைக்குத் திருப்பி, நீங்கிய பழுதை வா என்று அழைத்துப் பார்க்க வேண்டும். அழைத்தபோது அது வந்து, மறுபடி நீக்கியபோது அது போகுமானால், காரணத்தைப் பிடித்தோம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் உண்டு. அழைத்தும் வராமற் போனால், நமது சிகிச்சைக்கும் அந்தச் சாந்திக்கும் உள்ள சம்பந்தம் இன்னும் நிரூபணமாகவில்லை. கிடைத்த சுகத்தைத் தன் கையாலேயே ஆபத்தில் வைத்துப் பார்க்கும் இந்தத் துணிவு இல்லாதவனுக்கு நிம்மதி கிடைக்கலாம், ஞானம் கிடைக்காது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. எல்லாக் காரணத்துக்கும் பின்னால் மற்றொரு காரணம் இருக்குமே, இது முடிவில்லாத அனவஸ்தையில் கொண்டுபோய் விடாதா என்பது ஒன்று. மின்சேமிப்பு ஏற்பாடு காரணமென்றால், அந்த ஏற்பாட்டைச் சாதனம் ஏன் தாங்கவில்லை, ஃபர்ம்வேரில் என்ன குறை, அந்தக் குறை எப்படி நேர்ந்தது என்று கேள்வி நீண்டுகொண்டே போகும் என்பது மெய்தான். ஆனால் விசாரணை எங்கே நிற்க வேண்டும் என்பதை நமது கையின் எட்டம் நிர்ணயிக்கிறது: எதை நீக்கினால் பழுது வராதோ, எதை மீட்டால் வருமோ, அது நம் வசத்தில் உள்ளதாயின் அங்கே நிற்பது நியாயம். அதற்கு அப்பால் உள்ளது ஃபர்ம்வேரை எழுதியவரின் கடமை; அவர் வெளியிடும் புதிய பதிப்பை ஏற்பது நம் கடமை. எல்லாச் சோதனைக்குப் பின்னும் பழுது நீடிக்குமானால், கார்டு தேய்ந்துவிட்டது என்று ஒப்பி அதை மாற்றிக்கொள்வதும் விசாரத்தின் நேர்மையான முடிவேயாகும்.

பரீட்சைக்கோ நேர்முகத்துக்கோ உட்கார்ந்திருப்பவனிடம் அன்வயமும் வியதிரேகமும் பேசுவது இரக்கமற்ற செயல் அல்லவா என்பது மற்றோர் ஆட்சேபம். முற்றிலும் சரி. அந்த வேளையில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வதும், வயருள்ள ஹெட்செட்டை எடுத்துக் கொடுப்பதுமே தர்மம். துடிப்பவனுக்கு முதலில் சாந்தி வேண்டும்; விசாரம் பின்னால் வரலாம். ஆனால் அந்தப் 'பின்னால்' என்பது உண்மையாகவே வரவேண்டும். சாந்தி கிடைத்ததும் விசாரத்தை மறந்துவிடுவதனால்தான், கணினியின் பழுதுகளைப் போலவே, குடும்பத்துப் பூசல்களும் ஊராரின் பிணக்குகளும் நம் சொந்தக் கோபதாபங்களும் ஓய்ந்து ஓய்ந்து எழுந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே வாசக அன்பரை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த முறை உங்கள் மடிக்கணினியில் புளூடூத் மீண்டதும், 'சரியாகிவிட்டது' என்று சொல்லாதீர்கள், 'இப்போதைக்கு நின்றிருக்கிறது' என்று சொல்லுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள். ஓய்வு உள்ள ஒரு நாளில் அந்த மாற்றத்தைத் திருப்பிப் பழுதை அழைத்துப் பாருங்கள். அது வந்து, உங்கள் கையாலேயே மறுபடி போனால், அன்றைக்குச் சொல்லுங்கள், தீர்ந்தது என்று.