எசமானை மாற்றினால் விடுதலையாகுமா?



சிகரட்டை நிறுத்திவிட்டு 'வேப்' எனப்படும் இலத்திரனியல் சிகரட்டுக்கு மாறிய ஒருவர், புகைப்பழக்கத்தை விட்டவர் ஆவாரா? லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இன்று எழும் கேள்வி இது. "நான் சிகரட்டை விட்டுவிட்டேன்" என்கிறார் கணவர். "அப்படியானால் உங்கள் கையில் இருப்பது என்ன?" என்கிறார் மனைவி. இருவர் பேச்சிலும் உண்மை உண்டு.

முதலில் கணவரின் பக்கத்தைக் கேட்போம். சிகரட்டில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புகையே. புகையிலை எரியும்போது தாரும், காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும், வேறு பல நஞ்சுகளும் உண்டாகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. பற்றரியின் சூட்டினால், நிக்கொட்டின் கலந்த திரவம் ஆவியாகின்றது. ஆகவே கேடு குறைவு. ஆனால் கேடே இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. இங்கிலாந்து அரசு, புகைப்போர் 10 இலட்சம் பேருக்கு இக்கருவியை வழங்கி, ஆலோசனையும் அளிக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தது இக்காரணம்பற்றியே.

இனி மனைவியின் பக்கம். அதே இங்கிலாந்தில் 886 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஓராண்டின் பின், வேப் பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேர் சிகரட்டை விட்டிருந்தனர். நிக்கொட்டின் சுவிங்கம், ஒட்டுப்பட்டி முதலியவற்றைப் பெற்றவர்களிலோ ஏறக்குறைய 10 பேரே விட்டிருந்தனர். ஆனால் அப்படி விட்டவர்களுள், வேப் பகுதியினரில் நூற்றுக்கு 80 பேர் அப்பொழுதும் வேப்பைக் கைவிடவில்லை. மற்றப் பகுதியினரில் 9 பேரே தமக்குக் கொடுக்கப்பட்டதைத் தொடர்ந்து பாவித்தனர். இக்கருவியை 2003இல் ஆக்கிய சீன மருந்தாளர் ஹொன் லிக்கும், சிகரட்டை விட விரும்பியே அதை ஆக்கினார். பின்னர் தாம் இரண்டையும் பாவிப்பதாக அவரே கூறினார்.

திருச்சபை என்ன சொல்கின்றது? உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையிலும் அளவுமீறலைத் தவிர்க்குமாறு, ஐந்தாம் கற்பனையின் விளக்கத்தில் அதன் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. புனித சின்னப்பரோ கொரிந்தியருக்கு எழுதும்போது இன்னும் ஆழமாகச் செல்கிறார். ஆகுமானதாயினும், எதற்கும் தாம் அடிமைப்படப்போவதில்லை என்கிறார். நுரையீரலைப்பற்றிய கேள்விக்கு வைத்தியர் விடைதருவார். மனச்சுதந்திரத்தைப்பற்றிய கேள்விக்கு நாமே நம் மனச்சாட்சியில் விடைகாண வேண்டும்.

ஆகவே, பெருங்கேட்டிலிருந்து சிறுகேட்டிற்கு வந்தவரை இகழாதீர்கள். நெடுநாட் பழக்கம் ஒருவரின் குற்றப்பொறுப்பைக் குறைக்கும் என்பது நமது ஒழுக்க இறையியலின் பழைய போதனை. ஆனால் விடுதலையைத் தேடும் கடமையை அது நீக்கிவிடாது. செங்கடலைக் கடந்த இஸ்ராயேலர் எகிப்தை விட்டவர்களே. எனினும் பாலைவனத்தில் வீடுகட்டுவதற்காக ஆண்டவர் அவர்களை அழைத்துவரவில்லை.

ஒருபோதும் புகைத்திராத இளைஞருக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. பழச்சுவை காட்டி அழைக்கும் வேப், அவர்களுக்குச் சிறுகேடாக வருவதில்லை; புதுக்கேடாகவே வருகின்றது. சாப்பாட்டு மேசையில் தகப்பன் வைத்துவிட்டுப் போகும் கருவி பிள்ளைக்கு ஒரு பாடம் என்பதை மறவாதீர்கள். இலங்கையில் இதன் விற்பனை 2016இல் தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டு உறவினரிடம் இதைக் கொண்டுவரும்படி கேட்போர் அதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வேப்புக்கு மாறிய சகோதரரே, நீர் ஒரு படி ஏறியது நன்று. இனி வைத்தியரின் ஆலோசனையோடு நிக்கொட்டினின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, அதையும் வைத்துவிடும் நாளொன்றைக் குறித்துக்கொள்ளும். அந்த நாளை மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லும். குடும்பச் செபத்தில் அவர்கள் அதற்காக மன்றாடட்டும். தவறினால் ஏளனஞ் செய்யாது மீண்டும் தூக்கிவிடுவது அவர்களின் கடமை.