வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்!

ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்று. தைரியத்தைக் கழற்றாதே!

மீன் வாங்கும்போது எடை குறைந்தால் தராசை எட்டிப் பார்க்கிறாய். பஸ்ஸில் இரண்டு ரூபாய் சில்லறை வரவேண்டும் என்றால் இறங்கும்வரை கண்டக்டரை விடமாட்டாய். அதே நீ, அம்மாவை வார்டில் படுக்க வைத்ததும் ஏன் ஊமையாகிறாய்? அவர் கையில் ஏறும் மருந்தின் பெயர் உனக்குத் தெரியாது. எதற்காக ஏறுகிறது என்று கேட்கவில்லை. "அவங்க படிச்சவங்க, நமக்கென்ன தெரியும்?" என்று சுவரோரம் ஒதுங்கி நிற்கிறாய்.

அந்தச் சுவரை விட்டு வா, தம்பி! படுக்கை அருகே வந்து நில், தங்கச்சி! உனக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது. அம்மாவுக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, நேற்று இரவு எத்தனை முறை வாந்தி எடுத்தார், சர்க்கரை மாத்திரையை எந்த வேளையில் போடுகிறார், இதெல்லாம் அந்தக் கட்டடத்தில் உன்னைத் தவிர வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்த நீ மௌனமாக நின்றால், தெரியாதவர்கள் ஊகித்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

தவறு எங்கே பிறக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேள். மருத்துவம் பெறுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்த மருத்துவத்தாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது. அதில் பாதி தடுக்கக்கூடியது. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் இறக்கிறார்கள்.

இவர்களைக் கொன்றவர்கள் கொடியவர்களா? கிடையாது. தூக்கமில்லாமல் இரண்டாவது ஷிப்ட் பார்க்கும் செவிலியர், ஒரே காலையில் நூறு பேருக்குச் சீட்டு எழுதும் மருத்துவர், ஒரே மாதிரி தெரியும் இரண்டு மருந்துக் குப்பிகள், பெயர் ஒத்துப்போகும் இரண்டு நோயாளிகள். தவறு இங்கேதான் பிறக்கிறது. அதை யாராவது ஒருவர் பார்த்திருப்பார். பார்த்தவர் வாய் திறக்காதபோது அது உயிரைத் தொடுகிறது.

2022 நவம்பரை மறந்துவிட்டாயா? சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. போட்ட கட்டு இறுக்கமாக இருந்து ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றி, காலையே எடுத்தார்கள். உயிர் தங்கவில்லை. ஒரு கட்டைச் சரியான நேரத்தில் தளர்த்தியிருந்தால் பிழைத்திருக்க வேண்டிய பெண். கட்டுக்குக் கீழே விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால், வலி தாங்க முடியாமல் போனால் அது அவசரம். "ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு திரும்பாதே. "கட்டைத் திறந்து பாருங்க" என்று மறுபடி கேள். அங்கே யாரும் அசையாவிட்டால், அடுத்த மருத்துவரிடம் போய்க் கேள்!

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அரசு ரத்த வங்கியில் நடந்த பரிசோதனை அந்தக் கிருமியைப் பிடிக்கவில்லை. இந்தப் பெரும் பிழையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? ரத்தம் கொடுத்த இளைஞர்தான்! வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோது தன் நிலை தெரிந்தது. ஊர் என்ன பேசும் என்று ஒளிந்திருக்கலாம். அவர் ஒளியவில்லை, என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று தானே போய்ச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. ஆனால் அவர் சொன்னதால்தான் அந்தத் தாய்க்கும் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் உரிய சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. எத்தனை பட்டம் வாங்கியவர்கள் கோட்டைவிட்டதை ஒரு சாமானியரின் வாய் பிடித்தது பார்!

ஒரு நர்ஸ் 'நிறுத்துங்கள்' என்றபோது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. அங்கேயும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய் வழியே கிருமி புகுந்து நோயாளிகள் செத்தார்கள். 2001-இல் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் ஐந்தே வேலைகளைத் தாளில் எழுதினார். கை கழுவு, தோலைக் கிருமிநாசினியால் துடை, நோயாளியை முழுதாகத் துணியால் மூடு, முகமூடியும் கையுறையும் அணி, குழாய் போட்ட இடத்தைக் கிருமியற்ற கட்டால் மூடு. எல்லாம் முதலாண்டு மாணவனுக்கே தெரிந்தவை! எழுதியதோடு அவர் நிற்கவில்லை. மருத்துவர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் தடுக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தார். அதே முறையை மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கையில் எடுத்தன. பதினெட்டு மாதத்தில் அந்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

புது மருந்து கண்டுபிடித்தார்களா? கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கினார்களா? பேசப் பயந்தவர்களுக்குப் பேசும் உரிமை கொடுத்தார்கள். அவ்வளவுதான்!

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 சரிபார்ப்புகள் கொண்ட ஒரு பட்டியல் தந்தது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. கத்தி வைக்கும் முன் அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி. பெயரைச் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர், ஆபத்து வரும்போது இரண்டாம் முறையும் திறப்பார்.

காரைக்கால்காரனுக்கு இரட்டை விழிப்பு வேண்டும்

நம் ஊர் நிலையை யோசி. பூவம் தாண்டினால் பொறையார், வாஞ்சூர் தாண்டினால் நாகூர். இரண்டு பக்கமும் தமிழ்நாடு. நம் தலைநகரோ 130 கிலோமீட்டருக்கு மேல், புதுச்சேரியில். காய்ச்சலுக்குக் காரைக்கால் ஜி.எச்., மூட்டுவலிக்கு நாகப்பட்டினம், இதயத்துக்குத் தஞ்சாவூர், பெரிய வியாதி என்றால் புதுச்சேரி ஜிப்மர் என்று ஒரே தாத்தா நாலு ஊர் படியேறுகிறார். நாலு இடத்திலும் நாலு சீட்டு. ஒரு மருத்துவமனையின் பதிவு இன்னொன்றின் கண்ணில் படுவதில்லை. மாநில எல்லையை நோயாளி தாண்டுகிறார்; அவருடைய காகிதம் தாண்டுவதில்லை. அந்தக் காகிதத்தைச் சுமக்க வேண்டியவன் நீ!

இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. வீட்டுப் பெரியவர் பெயரை எழுது. ஒத்துக்கொள்ளாத மருந்தை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுது. போடும் ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயர், அளவு, வேளை, எதற்காக, யார் எழுதியது எல்லாம் அதில் ஏறட்டும். நாட்டு மருந்தும் சூரணமும் கூட ஏறட்டும். எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை நீட்டு.

மூலப்பெயர் ஏன்? டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் ஒரே பாரசிட்டமால். மூன்று சீட்டில் மூன்று பெயரில் வந்தால், கல்லீரலைக் கெடுக்கும் அளவுக்கு மாத்திரை வயிற்றில் இறங்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியது. தினம் போட்டால் உயிருக்கே உலை. இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை. சிவப்பு மூடி ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100-க்கு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது பாதிக்கும் கீழே இறங்கும். மருந்துக்கடை வாசலில் இதைச் சரிபார்க்க எம்.பி.பி.எஸ். வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த கண் போதும்!

வேறு ஊருக்கு ரெஃபர் செய்கிறார்களா? ஆம்புலன்ஸ் கதவு மூடும் முன் நாலு விஷயம் உன் கையில் இருக்கட்டும்: என்ன நோய் என்று நினைக்கிறார்கள், இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள், கடைசி வேளை எத்தனை மணிக்கு, எந்த ரிசல்ட் இன்னும் வரவில்லை. மருத்துவ ஆவணத்தை நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. நீ பிச்சை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறாய்!

உன் கை சாதாரணக் கையல்ல

2022 ஜூலையில் நம் ஊரில் வாந்தியும் பேதியும் பரவி, காலரா என்று உறுதியாகி, பொது சுகாதார அவசர நிலை அறிவித்த நாட்களை நீ பார்த்தாய். காலராவோடு மோதிய ஒரு மனிதரின் கதை கேள். 1971 வங்கதேசப் போரின்போது எல்லை ஊரான பன்காவ் அகதி முகாமில் சாவு அலை அடித்தது. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்தது. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அங்கே டம்ளர் பிடித்தவை அம்மாக்களின் கைகள், அண்ணன்மார்களின் கைகள். உன் கை அவற்றுக்குக் குறைந்ததா?

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நாலு கூறாகப் பிரித்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, கூடவே இருந்து கவனிப்பவர். நாலில் இரண்டு நம் பக்கம்! அவர் அன்றே கொடுத்த இடத்தை நாமே விட்டுக்கொடுத்துவிட்டு, வராந்தாவில் பாய் விரித்துத் தூங்கலாமா?

எப்படிக் கேட்பது என்கிறாயா? நம் காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரைப் பார். என்ன வேண்டும் என்று இறைவன் கேட்டபோது புனிதவதியார் திகைத்து நிற்கவில்லை. மாறாத அன்பு வேண்டும், பிறவி வேண்டாம், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும் என்று வரிசையாக, தெளிவாக, பணிவாகக் கேட்டார். கயிலையிலேயே காரைக்கால் பெண்ணின் குரல் தடுமாறவில்லை. வார்டு வாசலில் உன் குரல் ஏன் தடுமாற வேண்டும்? "சிஸ்டர், இது என்ன மருந்து? எங்க அம்மா பேரை ஒரு தடவை சரிபார்த்துடுங்க." "டாக்டர், கையைக் கழுவிட்டுப் பார்க்கிறீங்களா?" "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க." இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? நல்ல மருத்துவர் இப்படிக் கேட்பவரை விரும்புவார். எரிந்து விழுந்தால் விழட்டும். ஒரு நிமிட அவமானம் பெரிதா, அம்மா பெரிதா?

ஒன்று மட்டும் நினைவில் வை. ஏதாவது நடந்துபோன பிறகு கண்ணாடியை உடைப்பதும் பயிற்சி மருத்துவர் மேல் கை ஓங்குவதும் வீரம் கிடையாது. அடி வாங்கிய மருத்துவர் அடுத்த தவறை மறைப்பார். மறைத்த தவறு மறுபடி கொல்லும். நடக்கும் முன் கேட்கும் ஒரு கேள்விதான் வீரம்.

நர்சிங் படிக்கும் தங்கைகளே, ஜிப்மர் காரைக்கால் கிளையில் வெள்ளைக் கோட் போடும் தம்பிகளே! நாளை அறையில் மிக இளையவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பெரிய டாக்டர் தவறான பக்கத்தில் கை வைப்பதைப் பார்த்தால் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லும் நாக்கை இன்றே பழக்குங்கள். மருந்தைப் பெயரோடும் அளவோடும் உரக்கப் படித்துவிட்டுக் கொடுங்கள். கைநழுவிய பிழையை அதே ஷிப்டில் எழுதிக் கொடுங்கள். எழுதியவரைத் தண்டிக்காமல் பாராட்டுங்கள், பெரியவர்களே!

செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாள். அதுவரை காத்திருக்காதே. இன்று இரவே வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவைக் கொட்டு. காலாவதி ஆனதைத் தூக்கிப் போடு. இருப்பதை நோட்டில் எழுது. நாளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த நோட்டோடு போ, கேள்வியோடு போ, நிமிர்ந்து போ. கேள், தம்பி! கேள், தங்கச்சி! நீ கேட்கும் கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றும்!